பதினான்கு படுக்கையும் ஒரு பௌர்ணமியும்

அந்தமான் கப்பலில் படுக்கை பதிவு செய்து கொடுப்பவனுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குடும்பங்களைப் பற்றித்தான் நிறையத் தெரிந்திருக்க வேண்டும். செங்கம் சாலையில் எனக்கு ஒரு சின்ன டிராவல்ஸ். ஆசிரமப் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தனியாக வந்து ஐந்து நிமிடத்தில் டிக்கெட் வாங்கிப் போய்விடுவார்கள். பெரிய குடும்பத்துக்கு ஒரு தடவையாவது டிக்கெட் எடுத்துக் கொடுத்து அவதிப்பட்டவர்களே, மீதியை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஏன் கப்பல்?

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை பயிரிடும் ஏழுமலை, மனைவி பச்சையம்மாளோடு வந்தார். மகள் செல்வி போர்ட் பிளேரில் இருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து இப்போதுதான் ஏழாம் மாதம். வளைகாப்பு அங்கேயே. அப்பா வராமல் வளையல் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். வீட்டில் பதினான்கு பேரும் போக வேண்டும்.

சென்னையிலிருந்து கப்பலில் மூன்று இரவு ஆகும், விமானம் என்றால் இரண்டரை மணி நேரம்தான் என்று விளக்கினேன். பச்சையம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பிளேன்ல நாங்க போயிடுவோங்க. முறுக்கு அண்டா போவுமா?”

மூன்று அண்ணாமலை

பெயர்ப் பட்டியலைச் சென்னைக்கு அனுப்பினேன். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம் போட்டிருந்தார்கள். ஒரே பெயர் மூன்று தடவை வந்திருக்கிறது, தவறுதலாக இருக்கும் என்று இரண்டை அடித்துவிட்டார்களாம். மூத்த மகன், தம்பி மகன், பெரிய மாப்பிள்ளை, மூவருமே அண்ணாமலை. மூன்று ஆதார் நகலையும் திரும்ப அனுப்பினேன். ஏழுமலைக்கு என்மேல் இரக்கமே வரவில்லை.

“எங்க பக்கம் வீட்டுக்கு ரெண்டு பேராவது இருப்பாங்க சார். எங்க வீட்ல ஒண்ணு ஜாஸ்தி, அவ்ளோதான்.”

மேல் படுக்கை

கேபினுக்கு நான்கு படுக்கை. கீழே இரண்டு, மேலே இரண்டு. வயதானவர்களுக்குக் கீழே, இளையவர்களுக்கு மேலே என்று அழகாகப் பிரித்து வைத்திருந்தேன். மறுநாள் மூத்த மருமகள் லட்சுமி தனியாக வந்தாள். அவளை நான் போட்டிருந்தது ஏழுமலைக்கு மேல் படுக்கையில். ஆண்களுக்குத் தனிக் கேபின்கள், பெண்களுக்குத் தனிக் கேபின்கள் என்று மொத்தத்தையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. காரணத்தை அவள் ரொம்பத் தணிந்த குரலில் சொன்னாள்.

“மாமா தலைக்கு மேல நான் காலை நீட்டிப் படுக்க முடியுமாங்க? அத்தைன்னா பரவால்ல.”

பௌர்ணமி

கடைசியாகத் தேதியைப் படித்துக் காட்டியபோது ஏழுமலை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். கப்பல் புறப்படுவது பௌர்ணமி அன்று. தன் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். செல்விக்குக் குழந்தை வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ஐந்து வருடமாக ஒரு பௌர்ணமி விடாமல் கிரிவலம் போகிறாராம். நல்லபடியாகப் பிறக்கும்வரை நிறுத்தக் கூடாதாம். முந்தைய கப்பலில் இடமில்லை. அடுத்த கப்பல் வளைகாப்பு முடிந்துதான். கூட வந்திருந்த மகன்கள் சொல்லிப் பார்த்தார்கள், தம்பி கோபித்துக்கொண்டார். ஏழுமலை அசையவில்லை.

பச்சையம்மாள் செல்விக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி என் மேஜைமேல் வைத்தார். விஷயத்தைக் கேட்ட செல்வி ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட்டாள். ஏழுமலை மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அடித்த பெயரைத் திரும்ப எழுதினேன். செல்வி சொன்னது இவ்வளவுதான்:

“எனக்காகத்தானப்பா நடக்கறீங்க? நான் இங்க இருக்கேன். இங்க வந்து நடங்க.”

மேல்தளம்

ஊர் திரும்பியதும் ஏழுமலை ஒரு பை வேர்க்கடலையோடு வந்தார். வளைகாப்பு நன்றாக நடந்ததாம். செல்வியின் இரண்டு கையிலும் முழங்கைவரை வளையலாம்.

கப்பல் ஏறிய அன்று சாயங்காலமே அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, புகைபோக்கியை நடுவில் வைத்து மேல்தளத்தை வலம் வர ஆரம்பித்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பச்சையம்மாள் பின்னால் சேர்ந்துகொண்டார். பிறகு லட்சுமி, மூன்று அண்ணாமலைகள் என்று பதினான்கு பேரும் வரிசையாக. கப்பல்காரர் ஒருவர் ஓடி வந்து யாரைத் தேடுகிறீர்கள் என்று விசாரித்தாராம். கிரிவலம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“மலைதான் இல்ல. மத்தபடி கூட்டம் கம்மிங்க, ஆட்டோ தொல்லையும் இல்ல.”

படுக்கை பிடித்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. அதில் படுப்பதா, இறங்கி நடப்பதா என்பதை அந்தந்தக் குடும்பம் பார்த்துக்கொள்ளும்.