அட்டை வைக்காத படங்கள்

போட்டோக்காரரின் ஸ்டுடியோ ஒடுங்கிய அறை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கதவு. லைட் ஸ்டாண்டைச் சுவரோரம் ஒட்டி வைத்தால்தான் ஆள் உள்ளே வந்து போக முடியும். இருப்பதே ஒரு லைட்; அது அங்கேயே வேர் விட்டுவிட்டது. வந்து உட்காருகிறவரின் ஒரு கன்னத்தில் வெளிச்சம் விழும், மறு கன்னம் இருண்டு கிடக்கும். அந்தப் பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துவார். லைட் அதில் பட்டுத் திரும்பி, இருண்ட கன்னத்தையும் தூக்கிக் காட்டும்.

தினமும் கடை திறந்ததும் முதல் படம் மனைவியைத்தான். லைட் எப்படி விழுகிறது என்று பார்ப்பதற்காக. அட்டையும் இருந்தால் லைட்டின் குணம் பிடிபடாது என்பதால் அவளுக்கு அட்டை கிடையாது.

"வர்றவங்களுக்கெல்லாம் முழு மூஞ்சி, எனக்கு மட்டும் அரை மூஞ்சி" என்பாள்.

"மீதியைத்தான் வீட்ல பார்க்கிறேனே."

"ஆமா, பார்த்துக் கிழிச்சீங்க."

ஒரு நாள் ஸ்டூலில் உட்கார்ந்தவளின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

"விளையாடாத. ஒழுங்கா சிரி."

"சிரிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

கேமராவை வைத்துவிட்டுக் கிட்டே போனார். முடியை ஒதுக்கினார். காதுக்குக் கீழே, லைட் படாத பக்கத்தில், எலுமிச்சை அளவுக்குக் கட்டி.

"பல்லு வீக்கம்னு நினைச்சேன்" என்றாள்.

டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். "எவ்வளவு நாளா இருக்கு?" என்றதற்கு இருவருக்குமே பதில் தெரியவில்லை.

"பல வருஷமா இதே அளவுல இருந்தா கொஞ்சம் மூச்சு விடலாம். கிடுகிடுன்னு வளர்ந்திருந்தா நல்லதில்ல. பழைய போட்டோ இருந்தா கொண்டு வாங்க."

அவள் பாதி வாயால் சிரித்தாள். "போட்டோவுக்கா எங்க வீட்ல பஞ்சம்?"

திரும்பி வந்ததும் அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். வருஷக் கணக்கில் அவள் முகம். அத்தனையிலும் அந்தக் கன்னம் கரி பூசியது போல இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் மணல் மணலாகப் புள்ளிகள்தான் எழுந்தன. கட்டி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் எவனும் வேண்டுவான். இவரோ பழைய படத்தில் கட்டி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தேடினார். முகம் பார்ப்பதே பிழைப்பு. கட்டியவள் முகத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறார். அந்த அட்டையை நிமிர்த்தி வைக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

கடைசியில் கொழுந்தியாளுக்குப் போன் போட்டார். அவள் ஒரு படம் அனுப்பினாள். போன வருஷம் பஸ்ஸில் அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்து எடுத்துக்கொண்டது. ஜன்னல் வெயில் அந்தக் கன்னத்தில் நேராக விழுந்திருந்தது. கொண்டை போட்டிருந்ததால் காதும் கழுத்தும் பளிச்சென்று தெரிந்தன. விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். காதுக்குக் கீழே வழவழவென்று இருந்தது. கட்டியின் அடையாளமே இல்லை.

அவள் பின்னால் வந்து நின்றாள்.

"ஏதாவது கிடைச்சுதா?"

"ஒண்ணு கிடைச்சுது."

"அதுல கட்டி இருக்குல்ல?"

அவர் திரும்பவில்லை. போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை. முடியை அவிழ்த்து அந்தக் கன்னத்தின் மேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.