சமையலறைக்குப் பக்கத்து அறை

குன்னூருக்கு மேலே பழைய எஸ்டேட் பங்களாவில் வாட்ச்மேனாக இருக்கிற செல்லதுரைக்கு ஹரிதாஸைக் கண்டாலே வயிறு எரியும். ஹரிதாஸ் அங்கே சமையல்காரன். வந்து முழுசாக ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. அதற்குள் முதலாளி பாலகுமார், சமையலறைக்குப் பக்கத்து அறையை அவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். செல்லதுரை பிறந்த அறை அது.

வெள்ளைக்காரத் துரை குடும்பம் இருந்தவரை அது சாமான் அறை. துரை போனபின் பங்களா எஸ்டேட் ஆஸ்பத்திரி ஆனது. வெந்நீர் பக்கத்திலேயே கிடைக்கும் என்று அந்த அறையைப் பிரசவத்துக்கு விட்டார்கள். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கே பிறந்தவர்கள்தான். ஆஸ்பத்திரியை மூடியபின் தேயிலைச் சாக்கு அடுக்கினார்கள். அப்புறம் ஆபீஸ் நடந்தது. அப்புறம் வௌவால் குடியிருந்தது. கடைசியாகக் கோயம்புத்தூர் பாலகுமார் வாங்கி, சுண்ணாம்பு அடித்து, ஹோம்ஸ்டே என்று போர்டு மாட்டினார்.

சாக்குக் காலத்திலிருந்தே சாவி செல்லதுரை இடுப்பில்தான். படுக்கை மட்டும் பின்பக்கத்து அவுட்ஹவுஸில். மழை வந்தால் தகரம் ஒழுகும். மனைவியோ திருப்பூரில் மகளோடு போய் இருந்துகொண்டாள். அந்த அறை என்றைக்காவது தனக்கு வரும் என்று நம்பியிருந்தார். வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமலே தரவேண்டும் என்பது அவர் வீம்பு.

விருந்தாளிகளும் ஹரிதாஸ் வைத்த அவரைக் குழம்பைச் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு அவனோடுதான் செல்ஃபி எடுத்தார்கள். கேட்டைத் திறந்துவிடுகிறவனோடு எவன் எடுப்பான்?

ஒரு சாயங்காலம் செல்லதுரை அவனிடம் மெல்ல ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக் காலத்தில் அந்த அறையில்தான் பிணம் போடுவார்கள் என்றார். பாம்பு கடித்துச் செத்த கங்காணி ஒருத்தர் இன்னமும் சுவரைத் தட்டுகிறார் என்று சேர்த்துக்கொண்டார்.

"நெசமாத்தானுங்களாண்ணா?"

"நீ பயந்துக்குவீன்னுதான் இத்தன நாளா சொல்லல."

ஹரிதாஸ் முகம் வெளுத்தது. செல்லதுரை அன்றைக்கே தன் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தார்.

அந்தப் பயலோ பயத்தை வயிற்றுக்குள் வைத்திருக்கவில்லை. காலையில் தோசை சுடும்போதே விருந்தாளிகளிடம் கொட்டிவிட்டான். அடுத்து சென்னையிலிருந்து வந்த கூட்டம், பேய் தட்டுகிற அறைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது. பாலகுமார் விடுவாரா? கட்டில் மெத்தை போட்டு அறையை வாடகைக்கு விட்டுவிட்டு, ஹரிதாஸை அவுட்ஹவுஸில் செல்லதுரையோடு படுக்கச் சொன்னார். அங்கே ஒழுகாமல் இருந்த ஒரே மூலையை அவன் பிடித்துக்கொண்டான்.

அதைக்கூடச் செல்லதுரை பொறுத்துக்கொண்டார். கதையைத்தான் பொறுக்க முடியவில்லை. தினமும் சாயங்காலம் ஹரிதாஸ் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கங்காணியைச் சுவர் தட்ட வைப்பான். கூட்டம் வாயைப் பிளக்கும். செல்லதுரை சொல்லாத கொலுசுச் சத்தம் வேறு அதில் புகுந்திருந்தது. விறகு கொண்டுபோன ஒருநாள் அவருக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்க, அத்தனையும் பொய்யிங்க. அது பிரசவ ரூமுங்க. நானே அங்கதான் பொறந்தேன்."

ஹரிதாஸ் நிதானமாகத் தலையை ஆட்டினான்.

"பாத்தீங்ளா, பொணம் போட்ட ரூம்ல பொறந்த மனுசன். அதான் அண்ணனுக்குப் பேய்னா பயமே இல்லீங்க."

கூட்டம் எழுந்து வந்து செல்லதுரையைச் சூழ்ந்துகொண்டது. நடுவில் நிறுத்திப் படம் எடுக்கப் போனார்கள். அவரும் விறகைக் கீழே போட்டுவிட்டு, ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். அதற்குள் ஒரு பெண் ஹரிதாஸையும் கூப்பிட்டாள். அவன் நடுவில் நின்றால் நன்றாக இருக்கும், வாட்ச்மேன் கொஞ்சம் தள்ளிக்கொள்ளட்டும் என்றாள்.

"தள்ளிக்க முடியாதுங்க" என்றார் செல்லதுரை.