மூன்றாவது இலை

சமூகப்பணி படிக்கிறேன் என்று சொன்னால் மலாக்காவில் எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் ஒருவருக்கும் புரியாது. டாக்டருக்குப் படிக்கலாம், வாத்தியாருக்குப் படிக்கலாம். அடுத்த வீட்டுக் கஷ்டத்தை விசாரிப்பதற்குச் சிங்கப்பூர் வரை போய்ப் படிக்க வேண்டுமா என்று என் சித்தப்பா வாய்விட்டே கேட்டார். "ஊர் வம்பு பேசறதுக்கு யூனிவர்சிட்டியிலே பட்டம் கொடுக்கிறாங்களா? அப்படின்னா உங்க சித்திக்கு எப்பவோ கொடுத்திருக்கணுமே!" எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சித்திக்கு அதைவிட அதிகமாக வந்தது.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் மலாக்கா சமூகநல அலுவலகத்திலேயே எனக்குப் பயிற்சி கிடைத்தது. காப்பிக்கடைகளில் எல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் என்ற பேச்சாகவே இருந்த வருடம் அது. எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. அதிகம் பேசமாட்டார், பேசினால் மறுபேச்சு கிடையாது. ஒரு புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு விதவையைப் பற்றிச் சொன்னார். அவள் வெள்ளிக்கிழமைதோறும் செத்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறுகிறாளாம். அவளுடைய சின்னப் பெண் காற்றோடு பேசுகிறதாம். தாய்க்குப் புத்தி பிசகிவிட்டது, பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்று அக்கம்பக்கத்தார் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"பிள்ளையைத் தாயோட விடலாமோ, கூடாதோ? அதை மட்டும் பார்த்துக்கொண்டு வாரும்" என்றார்.

அந்த விதவை பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பெண். கட்டிக்கொண்டது மலாக்கா செட்டி வீட்டுப் பையனை. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து ஊன்றிவிட்ட இந்தச் செட்டிகளுக்குச் சாமியும் கோவிலும் நம்முடையவைதாம். பேச்சு மட்டும் மலாய். அவர்கள் வீடுகளில் பர்ச்சு என்று ஒன்று உண்டு. பொங்கலை ஒட்டி ஒரு தடவை, பழக்காலத்தில் ஒரு தடவை, இறந்துபோனவர்களுக்கு அவரவர் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்து வாழையிலையில் படைப்பார்கள். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். வருகிறவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமல்லவா? தெருவில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான் இது. இவள் வாராவாரம் செய்ததுதான் ஊரை மிரட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நான் போனபோது வீடு பளிச்சென்று இருந்தது. சட்டி பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. குழந்தை தலைவாரிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தாள். நடுவீட்டில் மூன்று இலைகள். முதல் இலைக்கு முன்னால் அவள் புருஷனுடைய படம், இரண்டாவதற்கு முன்னால் மாமியாருடையது. இரண்டிலும் சோறு, மீன் சம்பல், நெத்திலிப் பொரியல். மூன்றாவது இலைக்கு முன்னால் படம் எதுவும் இல்லை. அதில் நாலு பிஸ்கட்டும் ஒரு கோப்பைத் தேநீரும் மட்டும் இருந்தன.

"வாங்க மிஸ், ஒரு அஞ்சு நிமிசம் வெளிய நிக்கலாம்லா. அவங்க சாப்பிடறத நாம பாக்கக்கூடாது" என்று சொல்லி, அவள் ஜன்னல்களையும் கதவையும் சாத்தினாள். வாசலில் மூவரும் நின்றோம். வெயில் கொளுத்தியது. வீட்டுக்குள் வேறு யாரும் இல்லை. பின்கட்டு வரைக்கும் நானே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

முதலில் கோப்பை சாஸரில் இடிக்கும் சத்தம் கேட்டது. எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு பெண்குரல், அவசரமில்லாமல், மலாயில் கேட்டது: "சுடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா என்று.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் பக்கத்தில் நின்ற குழந்தை சாத்திய கதவைப் பார்த்து, சாப்பிட்டேன் என்று சாதாரணமாகப் பதில் சொன்னாள். கொஞ்சம் இடைவெளி. ராத்திரி நன்றாகத் தூங்கினாயா என்று குரல் கேட்டது. தூங்கினேன் என்றாள். மறுபடியும் இடைவெளி. யாரைக் கண்டாவது பயமாக இருக்கிறதா என்று கேட்டது.

நான் பயந்தது அந்தக் குரலைக் கேட்டு மட்டும் இல்லை. முதலில் சாப்பாடு, பிறகு தூக்கம், கடைசியில் பயம். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு குழந்தையை அவசரப்படுத்தாமல் காத்திருக்க வேண்டும். இது எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை. வெளியாள் யாருக்கும் அந்த வரிசை தெரிய வழியில்லை.

கதவைத் திறந்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தன. நான், மூன்றாவது இலை யாருக்கு என்று கேட்டேன்.

"உங்கள மாதிரியே ஒரு மிஸ்ஸு. போன வருசம் எம் புருசன் போனப்புறம் வாராவாரம் வெள்ளிக்கிழம வருவாங்க. எம் மவகிட்ட கீழ உக்காந்துதான் பேசுவாங்க. அப்புறம் டைபாய்டு வந்து போய்ட்டாங்கன்னு உங்க ஆபீஸ் பியூன்தான் சொன்னாரு. கல்யாணமாகாத பொண்ணு, யாரு மிஸ் அவங்களுக்குப் படைப்பா?" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா அவங்களுக்கு என்னா புடிக்கும்னே எனக்குத் தெரியல. பிஸ்கட் வைக்கிறேன், தொட மாட்டேங்கிறாங்க. பசியோடவே கெடக்கறாங்க போல, போகவும் மாட்டேங்கிறாங்க. ஆபீஸ்ல கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன். சித்தி என் முகத்தைப் பார்த்து, வெயிலில் அலைந்தால் இப்படித்தான் என்று மோர் கொடுத்தாள். இரண்டு நாளும் இதே யோசனைதான். கேட்டதைச் சொன்னால் என் படிப்பு அத்தோடு முடிந்தது. சொல்லாமல் மறைத்தால் அந்தத் தாய் ஒருத்தி மட்டும் பைத்தியக்காரியாகிவிடுவாள். குழந்தையை வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

திங்கட்கிழமை மேலதிகாரி அம்மா முன்னால் நின்றேன். வீடு சுத்தமாக இருக்கிறது, பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, தூக்கம், ஒரு குறையும் இல்லை என்றேன்.

"தாய் செத்தவையோட கதைக்கிறாவாம். அது?"

"குரல் எனக்கும் கேட்டுச்சுங்கம்மா" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். "அவங்க பைத்தியம்னா நானும் பைத்தியம். என்னையும் சேர்த்தே அனுப்பிடுங்க." மூன்றாவது இலை யாருக்கு என்பதையும், உள்ளே என்ன கேள்விகள் எந்த வரிசையில் வந்தன என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"டைபாய்டில போனவள் என்ர வீட்டிலதான் தங்கியிருந்தவள்" என்றார். "காரம் போட்ட கச்சாங் பூத்தேக் கடலை எண்டால் அவளுக்கு உயிர். பைக்குள்ள எந்நேரமும் ஒரு காகிதச் சுருள் வச்சிருப்பாள். பிள்ளை தாயோடயே இருக்கட்டும். நீர் போய் அதை வாங்கிக் குடும்."

அடுத்த வெள்ளிக்கிழமை வறுத்த கடலைச் சுருளோடு போனேன். அந்தத் தாய் அதைப் பிரித்து மூன்றாவது இலையில் கொட்டி, குழந்தையை யாரும் எங்கும் கொண்டுபோக மாட்டார்கள் என்று நான் சொன்னதைக் கேட்டு, ஓவென்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. குழந்தை கொஞ்ச நேரம் காத்திருந்தாள். கதவில் காதை வைத்துப் பார்த்தாள். பிறகு உதடு பிதுங்கி, மிஸ் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள், இனிமேல் என்னை யார் கேட்பார்கள் என்று தேம்ப ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்தது. வெறும் தரையில் உட்கார்ந்து, "சுடா மாக்கான்?" என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள். தூங்கினாயா என்று கேட்டேன். தூங்கினாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டபோது அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமயும் நீங்க வருவீங்களா?"

"வருவேன்."

"செத்துப் போனாலும்?"

அவள் அம்மா அவளைக் கோபிக்கவில்லை. நியாயமான கேள்விதான் என்பதுபோல என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்னா மிஸ் புடிக்கும்?" என்று கேட்டாள்.

நான் யோசித்து, சுட்ட கருவாடு என்றேன்.