இட்டலித் தட்டில் அடுக்கிய சன்னங்கள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். அதனால் எல்லாச் சந்தேகமும் என்னிடம்தான் வரும். ஊரில் மருந்துப் போத்தலில் ஒட்டியிருந்ததை வாசித்துக் காட்டுவது முதல், கடல் கடந்து வந்த பிறகு வெம்பிளியில் கவுன்சில் கடிதத்துக்குப் பதில் எழுதுவது வரை என் வேலை. நான் ஒன்றைச் சொன்னால் அக்கா மறுபேச்சுப் பேசமாட்டாள்.

எண்பதுகளின் கடைசியில் நானும் அவளும் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தோம். அவளுக்குச் சாண்ட்விச் பாக்டரியில் வேலை. அத்தான் பின்னால் வருவதாக இருந்தது. ஊரைவிட்டு வெளிக்கிட்ட வழியில் அவர் வந்த லொறிமேல் துப்பாக்கிச் சூடு விழுந்தது. கூட வந்து ஓடித் தப்பிய பெடியன் போனில் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணைக்குக் காலிலதான் பட்டது." அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. "காலில" என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அக்கா தினமும் பொட்டு வைத்தாள்.

கல்லூரியில் நான் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது. ஸ்போர்ட்ஸ் என்று மட்டும் சொல்லியிருந்தேன். இந்த நாட்டில் எனக்கு நன்றாக வந்த முதல் காரியம் அது. தோட்டாக்களை நாங்களே கழக அறையில் வைத்து, சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளில் வெடிமருந்தை அளந்து போட்டு, முனையில் சன்னம் என்கிற குண்டைப் பொருத்துவோம். கழகத்தின் பழைய ரைஃபிளுக்குக் கனமான சன்னம் ஒத்துவரவில்லை. நூறு யார் தூரத்தில் தாளில் ஓட்டைகள் சிதறிப்போய்க் கிடந்தன. பாரம் குறைந்த சன்னத்தை வைத்துப் பார்த்தேன். எல்லா ஓட்டைகளையும் ஒரு நாணயத்தால் மூடிவிடலாம் போல நெருங்கி வந்தன.

ஒரே பெட்டியில் வரும் சன்னங்களுக்குள்ளும் மயிரளவு பார வித்தியாசம் இருக்கும். மருந்தோ கோதோ இல்லாமல் சன்னங்களை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து சின்னத் தராசில் நிறுத்துப் பிரிப்பேன். பிரித்துப் போட அக்காவின் இட்டலித் தட்டுத்தான் வசதி. குழிக்கு ஓர் எடை.

ஒருநாள் மத்தியானம் அவள் திடீரென்று வந்து நின்றாள்.

"மிசின் பழுதாம். எல்லாரையும் வீட்டுக்குக் கலைச்சுப்போட்டாங்கள். ஐயோ, என்ரை இட்டலித் தட்டு! என்னடா அவிக்கப் போறாய்?"

"சன்னம் அக்கா. கிளப்பில தாளுக்குச் சுடுறது."

திட்டுவாள் என்று நினைத்தேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இதுவோடா?"

"ஓம்."

"இவ்வளவு சின்னனோ? பாரமே இல்லை."

"பாரம் கூடினதும் இருக்கு. இது குறைஞ்சது. இதுதான் சரியாப் போய்..." மிச்சத்தை விழுங்கினேன்.

அவள் அதைக் கவனிக்கவில்லை. அவளது முகத்தில் எத்தனையோ மாதமாக நான் காணாத ஒரு வெளிச்சம்.

"அப்ப இது காலில பட்டா ஆள் சாகாதுதானே? நீ படிச்சனி. சொல்லு."

தாளுக்குப் பின்னால் நாங்கள் நிறுத்தும் பலகை ஞாபகம் வந்தது. முன்பக்கம் பென்சில் நுழையும் அளவு ஓட்டை. பின்பக்கம் சிராய் சிராயாகப் பிளந்திருக்கும்.

"சாகாது அக்கா," என்றேன்.

"நான் சொன்னனான்தானே!" என்றாள், ஏதோ நான்தான் அதுவரை மறுத்துக்கொண்டிருந்ததுபோல. பிறகு அந்தச் சன்னத்தைக் கழுவித் துடைத்து, பிள்ளையார் படத்துக்கு முன்னால், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதன் பிறகு நான் கழகத்துக்குப் போகவில்லை. அக்கா தட்டைப் புளி போட்டுத் தேய்த்து மறுநாளே இட்டலி அவித்தாள்.

தொண்ணூறுகளில் ரெய்னர்ஸ் லேனுக்கு வீடு மாறினோம். பிள்ளையாரையும் சன்னத்தையும் அவள் சாமான்களோடு ஏற்றவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அதை எடுத்து அவர்களின் கையில் வைப்பாள்.

"பிடிச்சுப் பாருங்கோ. இவ்வளவுதான் பாரம். காலில பட்டா ஒண்டும் செய்யாதாம். தம்பி படிச்சவன், அவனே சொன்னவன்."

வந்தவர்கள் அதை உருட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் ஓம் என்று தலையாட்டுவேன்.