கஸ்தூரி எலியின் வாசலில்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதக் கடைசியில், கனடாவில், மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள சதுப்புக் குளத்தில் நடந்தது இது. பங்குனி உத்தரத்துக்கு மறுநாள் காலை.

சாமிக்கு வைத்த பூவை நான் குப்பையில் போடுவதில்லை. கால் மிதிக்கும் இடத்திலும் போடக் கூடாது, தண்ணீரில்தான் விட வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். இங்கே குளிர்காலத்தில் தண்ணீருக்கு எங்கே போவது? நவம்பரிலிருந்து காய்ந்த பூக்களை எல்லாம் ஒரு துணிப்பையில் சேர்த்துக் கராஜில் தொங்கவிட்டிருந்தேன். உத்தரத்துப் பூவும் சேர்ந்ததும் பை நிறைந்துவிட்டது. அன்று நல்ல வெயில். கணவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். “கெதியா வாரும், எனக்கு வேலைக்குப் போகவேணும்” என்று சொல்லிவிட்டு அவர் காரிலேயே இருந்தார்.

குளம் இன்னும் உறைந்து வெள்ளையாகத்தான் கிடந்தது. நடுவில் காய்ந்த சம்புப் புல்லைக் குவித்தது போல ஒரு மேடு. அதன் பக்கத்தில் மட்டும், ஒரு அண்டா அகலத்துக்கு, கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. இவ்வளவு பெரிய குளத்தில் அந்த ஓரிடம் மட்டும் ஏன் உறையவில்லை என்று நான் யோசிக்கவில்லை. முருகன் எனக்காகத் திறந்து வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன். கும்பிட்டுவிட்டு இறங்கி நடந்தேன். போன மாதம் பிள்ளைகள் அந்தக் குளத்தின்மேல் ஹாக்கி விளையாடியதைப் பார்த்திருந்ததால் பயமே வரவில்லை.

மேட்டுக்கு இன்னும் பத்தடி இருக்கும். பின்னால் ஒரு குரல்.

“அக்கா! நில்லுங்க! அங்கால போகாதீங்க!”

தமிழ்க் குரல் என்பதால்தான் நின்றேன். பிரெஞ்சில் கத்தியிருந்தால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போயிருப்பேன். நின்ற இடத்திலேயே வலது கால் முழங்கால்வரை உள்ளே போனது. குளிர்கூட உடனே தெரியவில்லை. பனி முறிகிற சத்தம் மட்டும் கேட்டது.

“எழும்பாதீங்க! படுங்க! காலை மெல்ல இழுத்துட்டு, வந்த வழியால உருண்டு வாங்க!”

கோயில் வீதியில் ஆண்கள் உருண்டு பிரதட்சணம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில், தடித்த ஜாக்கெட்டோடு, ஒரு குளத்தின்மேல் நானும் உருண்டேன். கரைக்குக் கிட்ட வந்ததும், குரல் கொடுத்தவர் ஒரு நீண்ட தடியை நீட்டினார். பிடித்துக்கொண்டு ஏறினேன். பை அங்கேயே கிடந்தது.

அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர். கழுத்தில் தூரக்கண்ணாடியும் ஒரு சின்னச் சிலுவையும். மட்டக்களப்புப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“அது கஸ்தூரி எலிட வீடு, அக்கா. தண்ணியில வாழுற எலி. அது போய் வாற இடத்தில பனி மெல்லிசாத்தான் இருக்கும். எலிக்கு நீந்தத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். எனக்கு அழுகை வந்தது. “முருகன்தான் உங்களை அனுப்பினவர்” என்றேன்.

“நான் எலி பாக்கத்தான் வந்த நான். முருகன் ஒண்டும் சொல்லல்ல” என்று சிரித்தார்.

அதற்குள் கணவர் ஓடி வந்துவிட்டார். “என்னப்பா, குளத்துக்கை இறங்கினீரோ?” என்று கேட்டவர், என் காலைப் பார்த்ததும் சப்பாத்தையும் ஈரக் காலுறையையும் உருவினார். தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் பாதத்தில் மாட்டிவிட்டார்.

புறப்படும்போது அந்த மனிதர் சொன்னார்: “எலியப் பாக்கணுமெண்டா ஏப்ரல்ல பனி உடைஞ்ச பிறகு வாங்க. விடியக் காலமை, இல்லாட்டி பொழுது சாயக்குள்ள. சம்பு நிக்கிற பக்கம் அரை மணித்தியாலம் ஆடாம இருக்கணும். கதைச்சா வராது.”

போனோம். இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை, தண்ணீரில் தலைவகிடு எடுத்தது போல ஒரு கோடு வந்தது. அதன் முனையில் ஒரு பழுப்புத் தலை. புல்மேட்டில் ஏறி, ஒரு வேரை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. பெரிய பூனைக்குட்டி அளவுதான் இருக்கும். குளிர்காலம் முழுக்கப் பனிக்குக் கீழே வந்து போக அது திறந்து வைத்திருந்த வழியில்தான் நான் என் பையோடு போயிருக்கிறேன். இப்போது பூக்களை வீட்டு ரோசாச் செடியடியில் புதைக்கிறேன்.

அந்த மனிதரை முருகன் அனுப்பினார் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கறுப்புத் தண்ணீரையும் அவர் திறந்து வைத்ததாகத்தானே அன்று நம்பினேன்? அதனால் எதைப் பார்த்தாலும் இது கடவுள் காட்டிய வழி என்று சொல்ல என் வாய் இப்போது கொஞ்சம் தயங்குகிறது. அந்தத் தயக்கமும் பக்தியில் சேர்ந்ததுதான் என்று எனக்குப் படுகிறது.