பக்கத்துத் துண்டு நிலம்

நான் செய்த ஒரு காரியத்தை என் பிள்ளைகள் அறியமாட்டார்கள். மனைவி அறிவாள், அவள் தடுத்தும் செய்தேன். ஒரு முதியவர் இடுப்பெலும்பு முறிந்து வைத்தியசாலையில் கிடந்த வேளையில், அவர் முப்பது ஆண்டுகளாகக் கொத்திப் பண்படுத்திய தோட்டத்தை நான் என் பெயருக்கு எழுதிக்கொண்டேன். சட்டப்படி அதில் குற்றம் எதுவும் இல்லை. அந்தச் சட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டே பல ஆண்டுகளைக் கழித்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் இலண்டன் மனோர் பார்க்கில் ஒரு வரிசை வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். எனக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. பெற்றோல் நிலையம் ஒன்றில் காலை ஷிப்ட் காசாளர் வேலை. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு ஹோம் ஒபிஸ் என்ற உள்துறை அமைச்சு இன்னும் பதில் தரவில்லை. கிழக்கு இலண்டனில் ரயில் பாதையை ஒட்டி, மரக்கறி பயிரிடுவோருக்கு உள்ளூராட்சிக் கவுன்சில் வாடகைக்கு விடும் நிலத் துண்டுகள் இருந்தன. எனக்கு அரைத் துண்டு கிடைத்தது. முழுத் துண்டுக்குக் காத்திருப்போர் பட்டியலிலும் பெயர் கொடுத்திருந்தேன். என் துண்டுக்கும் ரயில் வேலிக்கும் நடுவே கிடந்த முழுத் துண்டு ஓர் அயர்லாந்துக்காரருடையது.

அவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். இலண்டன் வீதிகளில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டியே வாழ்நாளைச் செலவிட்டவர். மனைவி, மக்கள் இல்லை. மூன்று படி ஏறிப் போகும் ஒரு வாடகை அறையில் தனியே வசித்தார். அவர் பேசியது ஆங்கிலம். நான் வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னதையெல்லாம் மனைவிக்கு எங்கள் பேச்சிலே சொல்லிக்காட்டுவது வழக்கமாகையால், இன்றும் அவருடைய குரல் எனக்கு யாழ்ப்பாணத் தமிழிலேயே கேட்கிறது. அவ்வாறே எழுதுகிறேன்.

முதல்நாள் நான் வேலையிலிருந்து நேரே தோட்டத்துக்குப் போயிருந்தேன். அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இஞ்ச பாரும், டை கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு நட வந்த ஆளை என்ர சீவியத்தில இண்டைக்குத்தான் பாக்கிறன். கிழங்கு பயந்துபோய் முளைக்காது."

"வேலையால நேர வந்தனான் ஐயா," என்றேன்.

"ஐயாவோ! என்னை ஒருத்தரும் அப்பிடிக் கூப்பிட்டதில்லை. கங்காணி கூப்பிட்ட சொல்லு வேற."

அன்று தொடக்கம் நாங்கள் நண்பர்களானோம். அவருடைய பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேநீர் கிடைத்தது. என் மனைவி செய்த மிளகாய்ப் பொரியலை அவர் கண்ணில் நீர் வழியத் தின்று, இன்னும் கேட்டார். அவருடைய மண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆண்டுதோறும் குதிரை எருவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து போட்டிருந்தார். கையில் அள்ளினால் கருமையாக, ஈரமாக, நெகிழ்ந்து உதிரும். என் துண்டோ செங்கல் உடைசலும் களிமண்ணும். இரண்டுக்கும் நடுவே ஒரு பலகைதான் எல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழைக்கு அவருடைய கொட்டிலுக்குள் ஒதுங்கி இருந்தபோது, தம் குடும்பம் நிலம் இழந்த கதையைச் சொன்னார்.

"என்ர அப்பாவின்ர தகப்பனுக்கு ஐஞ்சு ஏக்கர் குத்தகை. நிலம் துரையின்ர. துரை இஞ்ச இலண்டனில இருந்தவர். ஒருநாளும் அந்தப் பக்கம் வந்து பாத்ததில்லை. ரெண்டு வருசம் கிழங்கு அழுகிப் பிழைச்சுப்போச்சு, குத்தகை கட்டேலாமப் போச்சு. ஒரு நாள் விடியப் பொலிஸ் வந்து வரிசையா நிண்டிச்சு. எல்லாற்ற கையிலயும் துவக்கு. மரத்தால கதவை இடிச்சு, சட்டி பானையை றோட்டில போட்டு, அடுப்பு நெருப்புக்குத் தண்ணி ஊத்தினவங்கள்."

"பொலிஸ் இங்கிலாந்து ஆக்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை, எங்கட ஆக்கள் தான். வேற மாவட்டத்துக் கமக்காரற்ற பெடியள். ஒருத்தன் அடுப்பைப் பாக்காமல் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டவனாம்."

"பிறகு?"

"பிறகு நிலம் சும்மா கிடந்தது. ஒருத்தரும் எடுக்கமாட்டினம். அது ஊரின்ர சட்டம். ஒருத்தனைக் கலைச்ச நிலத்தை இன்னொருத்தன் எடுத்தால் துரைக்கு வெற்றி. எடுக்காட்டில் அவர் தான் இறங்கி வரவேணும். எட்டு மாசம் அப்பிடியே நிண்டிச்சு. பிறகு எங்கட மாதா கோயில் பங்குக்குள்ள இருந்தே ஒருத்தன் போய் எடுத்தான்."

"அவனுக்கு என்ன செய்தவை?"

"ஒண்டும் செய்யேல்லை. ஒருத்தரும் அவனோட கதைக்கேல்லை. கடைக்காரன் மா விக்கேல்லை. கொல்லன் குதிரைக்கு லாடம் அடிக்கேல்லை. பூசையில அவன் இருந்த வாங்கில ஒருத்தரும் இருக்கேல்லை. கடைசியில அரசாங்கம் காவலுக்கு ரெண்டு பொலிஸ் குடுத்திச்சு. பூசைக்குப் போகேக்கயும் முன்னால ஒண்டு, பின்னால ஒண்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பின்பு சிரிப்பு நின்றது.

"ஆரோ அவன்ர மாட்டின்ர வாலை வெட்டிப்போட்டாங்கள். அது சரியில்லை. மாடு என்ன செய்தது?"

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆயினும் அக்கறை கொண்ட எதையும் நூலகத்தில் தேடிப் படிக்கும் பழக்கம் உண்டு. அயர்லாந்துக் குத்தகை விவசாயிகளான கமக்காரரின் கிளர்ச்சி பற்றி அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாதக்கணக்காகப் படித்தேன். கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் அது குறித்து ஒரு மணி நேரம் உரையாற்றவும் செய்தேன். "துவக்கேந்திய காவற்படைக்கு எதிரே அந்த ஏழைகளிடம் இருந்தது ஒன்றே: வெளியேற்றப்பட்டவனின் நிலத்தில் கால்வைக்க மறுக்கும் உறுதி" என்று முடித்தேன். கைதட்டினார்கள். மேலங்கியை மாட்டிக்கொண்டு புறப்பட்டபோது என் நெஞ்சு நிமிர்ந்திருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த பனிக்காலத்தின் முடிவில் அவர் தம் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு சரியாகப் பொருந்தவில்லையென்று மறுபடியும் வெட்டினார்கள். வசந்தமும் கோடையும் வைத்தியசாலையிலேயே கழிந்தன. அவருடைய தோட்டத்தில் இடுப்பளவு புல் வளர்ந்தது. கவுன்சில் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்கள் அவருடைய அறை வாசலில் திறப்பாரின்றிக் கிடந்தன. இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பக்கத்துத் துண்டு பராமரிப்பின்றிக் கிடப்பதால் மீளப் பெறப்பட்டுள்ளது. காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக உள்ள உமக்கு அது தரப்படுகிறது. இரு வாரங்களுள் பதில் தருக என்றிருந்தது.

இலச்சினை பொறித்த கடிதத்துக்கு இல்லையென்று பதில் எழுதலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. அலுவலகங்கள் அனைத்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று நம்பினேன். அரசாங்கம் தருவதை மறுத்தவன் என்று எங்கோ என் பெயருக்கு எதிரே எழுதப்படும், ஹோம் ஒபிஸ் அதை வாசிக்கும் என அஞ்சினேன். அந்த அச்சம் உண்மையானது. ஆனால் அது மட்டுமே காரணம் என்று எழுதுவேனாயின் இதை எழுதுவதிலேயே பயனில்லை. அந்தக் கரிய மண்ணை நான் விரும்பினேன்.

மனைவி கடிதத்தின் பொருளைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அந்த மனுசன் உயிரோட கிடக்குதெல்லோ. ஆஸ்பத்திரியில கிடக்கிறார் எண்டு நீங்களே கவுன்சிலுக்கு ஒரு கடிதம் போடுங்கோ. கடிதம் எழுதத்தான் உங்களுக்கு நல்லா வருமே."

"முதல்ல அவரைப் பாத்துக் கதைச்சுப்போட்டு எழுதுறன்," என்றேன்.

திராட்சை வாங்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனேன். கடிதம் மேலங்கியின் உட்பையில் இருந்தது. மெலிந்திருந்தார், குரல் மட்டும் மெலியவில்லை.

"தோட்டம் என்ன மாதிரி?"

"புல்லுக் கொஞ்சம் வளந்திருக்கு."

"வளரட்டும். மாசி, பங்குனியில வந்து ஒரு கை பாக்கிறன். அதுவரைக்கும் ஒரு கண் வைச்சுக்கொள்ளும்."

"ஓம்," என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு கடிதத்தை உட்பையிலேயே விட்டுவிட்டேன். தாதி உணவுத் தட்டோடு வந்தாள். நான் எழுந்துகொண்டேன். மறுநாள் கையொப்பமிட்டுத் தபாலில் சேர்த்தேன். மனைவி ஒன்றுதான் கேட்டாள்: "அண்டைக்கு மேடையில கைதட்டு வாங்கினீங்களே, அது ஆற்ற கதை?"

அவர் பங்குனியில் வந்தார். நான் பூசணிக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய கருவிகள் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் பூசிக் கொட்டிலின் ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தேன். அதனால் ஏதோ சரியாகிவிடும் என்று நினைத்தேன்போலும். நடக்க உதவும் நாற்காற் சட்டம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு பாதையில் நின்று, முதலில் குழிகளையும் பிறகு என்னையும் பார்த்தார்.

"கவுன்சில் தந்தது," என்றேன்.

"அவங்கள் தானே எப்பவும் குடுக்கிறது," என்றார்.

கருவிகளை எடுக்கவில்லை. திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, வாயிலருகே துண்டு வைத்திருந்த ஒரு நண்பரோடு வாங்கில் அமர்ந்து தேநீர் குடிப்பார். என் பக்கம் பார்க்கமாட்டார். மற்றவர்களும் மெல்ல மெல்ல என்னோடு பேச்சைக் குறைத்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அவர்களை அவர் தூண்டினாரா என்பது எனக்குத் தெரியாது. தூண்டியிருப்பார் என்று நான் உறுதியாக நம்பினேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள் போய்ப் பார்த்தபோது, வேலியோரம் அவரைக் கொடிகளுக்கு நட்ட கம்புகள் யாவும் பிடுங்கி எறியப்பட்டிருந்தன. கொடிகள் மிதிபட்டுக் கிடந்தன. நான் நேரே தோட்டக்காரர் சங்கச் செயலாளரிடம் போனேன். அவர், "யார்மேலாவது சந்தேகமோ?" என்று கேட்டார். நான் அந்த முதியவரின் பெயரைச் சொன்னேன். செயலாளர் பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்தார்.

வந்தவன் இளம் கான்ஸ்டபிள். "வீட்டைக் காட்டுவீர்களா?" என்றான். காட்டினேன். பட்டப்பகலில், கடைகள் திறந்திருந்த வீதி வழியே, அவனோடு நடந்து போனேன். அப்போது எனக்கு வெட்கம் தோன்றவில்லை. நீதி என் பக்கம் நடந்து வருவதாகவே தோன்றிற்று.

கதவு திறக்க வெகுநேரமானது. முதியவர் நடைச் சட்டத்தைப் பிடித்தபடி வாசலில் நின்று, முதலில் கான்ஸ்டபிளையும் பிறகு அவன் பின்னால் நின்ற என்னையும் பார்த்தார். பின்னர் எங்கள் இருவருக்கும் பின்னே வீதியை எட்டிப் பார்த்தார்.

"ஒரு பொலிஸ் தானோ? அவனுக்கு ரெண்டு குடுத்தவங்கள்."

கான்ஸ்டபிளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் முதியவரின் தளர்ந்த காலையும், அவர் பிடித்திருந்த சட்டத்தையும், ஒரு படி இறங்க அவர் பட்ட பாட்டையும் பார்க்க அவனுக்குக் கண் இருந்தது. நிலத்தில் குனிந்து கம்பு பிடுங்கக்கூடிய மனிதர் அல்லர் அவர். குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டு, "தொந்தரவுக்கு மன்னிக்கவேண்டும்" என்று அவரிடம் சொன்னான். தெருமுனையில் தன் வழியே போய்விட்டான்.

ஒரு கிழமை கழித்து உண்மை தெரிந்தது. ரயில் வேலியைத் திருத்த வந்த தொழிலாளர்கள் ஏணி வைக்க இடம் தேடி, வேலியோரத்து ஐந்து தோட்டங்களிலும் கம்புகளைப் பிடுங்கியிருந்தார்கள். மற்ற நால்வரும் முணுமுணுத்துவிட்டு மறுபடி நட்டுக்கொண்டார்கள். பொலிஸை அழைத்தவன் நான் ஒருவன்தான்.

முழுத் துண்டையும் திருப்பித் தந்துவிடுகிறேன், அது முன்பு வாடகைக்கு வைத்திருந்தவருக்கே சேரவேண்டும் என்று கவுன்சிலுக்கு எழுதினேன். என் வாழ்வில் அத்தனை கவனமாக நான் வேறொரு ஆங்கிலக் கடிதம் எழுதியதில்லை. கைவிடப்பட்ட துண்டு விதிப்படி பட்டியலில் அடுத்தவருக்கே போகும் என்று பதில் வந்தது. அடுத்து இருந்தது ஓர் இளம் தம்பதி. நல்ல பிள்ளைகள். அவர்கள் அங்கே பூஞ்செடிகள் வைத்தார்கள். நான் அரைத் துண்டையும் விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டு ஓராண்டுக்குப் பின், சந்தைக்கருகே பஸ் தரிப்பில் அவரைக் கண்டேன். நடைச் சட்டம் போய்க் கைத்தடி வந்திருந்தது. அவரிடம் சொல்வதற்காக நெடுநாளாக மனத்துள் கட்டி வைத்திருந்த வசனங்கள் இருந்தன. அருகே போய் நின்று, நிலத்தை எடுத்தது பிழை என்றும், பொலிஸை அவர் வாசலுக்குக் கொண்டுவந்தது அதனினும் பெரிய பிழை என்றும், ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தேன். வீதியைப் பார்த்தபடி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்டு கேக்கிறன். நீர் திராட்சைப்பழம் கொண்டு வந்த அண்டைக்கு, அந்தக் கடிதம் உம்மட்ட வந்திட்டுதோ?"

அதை நான் என் வசனங்களுக்குள் சேர்த்திருக்கவில்லை.

"ஓம் ஐயா. பையுக்குள்ள இருந்தது."

தலையை ஒருமுறை அசைத்தார். கோபமாக இல்லை, தாம் சரியாகவே கணக்கிட்டிருந்ததை அறிந்துகொண்டவர்போல அசைத்தார். பஸ் வந்தது. ஏறும்போது கைத்தடி படியில் தடுக்கிற்று. நான் கையை நீட்டினேன். அவர் மறுபக்கக் கம்பியைப் பிடித்து ஏறிப்போய், ஜன்னலோரம் அமர்ந்துகொண்டார். அதே பஸ்ஸில்தான் நானும் போகவேண்டியிருந்தது. சாரதி என்னைப் பார்த்தான். நான் இல்லையென்று தலையாட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.