பல்வலிக்கு ஒரு பக்கம்

நாளிதழை மேசைமேல் விரித்து, நடுவிலிருந்து ஒவ்வொரு தாளாக உருவிக்கொண்டிருக்கிறார் பேப்பர் அக்கா. பல் ஆஸ்பத்திரிக்கு முதல் ஆள் வருவதற்குள் இந்தக் கூறுபோடல் முடிந்துவிட வேண்டும். பதினான்கு வருடமாக வரவேற்பறை நாற்காலி அவருடையது. காத்திருப்பவர்களில் யாருக்கு எந்தப் பக்கம் என்பதும் அவர் முடிவுதான்.

ரத்த அழுத்தக்காரர்களுக்கு முதல் பக்கம் கிடையாது. "அரசியல் படிச்சா பல்லைக் கடிப்பாங்க. கடிச்சா வலிக்கும்" என்பார். ரூட் கெனாலுக்கு வந்தவர்களுக்குத் தலையங்கம். இரண்டாவது பத்தியிலேயே தலை தொங்கிவிடும். ஊசிக்குப் பயந்தவர்களுக்கு விளையாட்டுச் செய்தி. ஜோடியாக வந்தால் குறுக்கெழுத்து. "ஒரு பேனாதான் குடுப்பேன். சண்டை போட்டுக்கிட்டே வலியை மறந்துருவாங்க."

இரங்கல் செய்திகள் மட்டும் அவருக்கே. முன்பதிவு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பார். "பாவம், வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வர வேண்டியவரு" என்று முனகியபடி பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். அந்தப் பதினோரு மணியை யாருக்குத் தரலாம் என்ற யோசனை அடுத்த நொடியே தொடங்கிவிடும்.

போன வாரம் ஒரு லாரி டிரைவர் வந்தார். ஆறடி உருவம், கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிக்கிடந்தது. ஏற்கெனவே இரண்டு முறை, பெயரைக் கூப்பிட்டதும் ஓட்டம் பிடித்தவர். "இன்னைக்கும் போயிட்டாருன்னா சீழ் பரவிடும்க்கா. எப்படியாவது பிடிச்சு வைங்க" என்று டாக்டரம்மா காதோடு சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்கா விளையாட்டைக் கொடுத்தார். டிரைவரின் கால் ஆடுவது நிற்கவில்லை. தலையங்கம் கொடுத்தும் தூக்கம் வரவில்லை. சினிமாப் பக்கம் மடித்தபடியே கிடந்தது. உள்ளே மெஷின் 'ங்கொய்' என்றதும் எழுந்தே விட்டார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அக்கா, கும்ப ராசிக்கு என்ன போட்டிருக்கு?"

ராசிபலனை அக்கா யார் கண்ணிலும் காட்டுவதில்லை. காலையிலேயே கத்தரித்து டிராயருக்குள் போட்டுவிடுவார். இப்போது எடுத்துப் பார்த்தார். 'இருக்கும் இடம் உகந்ததல்ல. உடனே புறப்படுவது நன்று. ஓர் இழப்பு உண்டு.'

முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் அக்கா நிதானமாக வாசித்தார்: "நெடுநாள் வேதனை இன்றோடு தீரும். வெளியே சென்றால் வீண் அலைச்சல். ஒரு பெண்மணியால் நன்மை உண்டு."

டிரைவர் டாக்டரம்மாவின் அறைக் கதவைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். உள்ளே போனார்.

அரை மணி நேரத்தில், பல் போய், வாயில் பஞ்சோடு வெளியே வந்தவர் கையை நீட்டினார். பேச முடியவில்லை, அந்தத் துண்டுத் தாளை வீட்டுக்காரியிடம் காட்ட வேண்டுமென்று சைகை.

"அச்சு மங்கலா இருக்கு தம்பி, உங்களுக்குத் தெரியாது" என்றார் அக்கா. மருந்துச்சீட்டு ஒன்றைக் கிழித்து, மூன்று வரியையும் குண்டு குண்டாக எழுதினார். கீழே ஆஸ்பத்திரி முத்திரையை அழுத்திக் குத்தி, மை காய இரண்டு முறை ஊதிக் கொடுத்தார்.